சான்றிதழுக்கு முன்பும் அதற்குப் பின்பும்: சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் குறித்த கேள்வி பதில்

ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகச் சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றி வருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய்): என் மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான், மனக்கணக்கும் போடுகிறான். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் மட்டும் அழுகிறான். வகுப்பாசிரியர் சோம்பல் என்கிறார். இது கற்றல் குறைபாடா? எங்கே தொடங்குவது, அம்மா?

பதில்: கேட்ட கதையை முழுதாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை வாசிப்பில் மட்டும் தடுமாறும்போது, அதைச் சோம்பல் என்று முடிவுகட்ட எந்த அடிப்படையும் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொண்டதால், சொற்களின் பாதி ஒலி கேட்காமலேயே இரண்டு வகுப்புகளைக் கடந்துவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் அரசு மருத்துவமனையில் இயங்குகிறது. அங்கே கட்டணம் இல்லை.

அடுத்ததாக, அவன் எந்த இடத்தில் தடுக்குகிறான் என்பதை ஆசிரியரும் நீங்களும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஆங்கில வாசிப்புக்குச் சொல்லப்படும் அடையாளங்களை அப்படியே தமிழில் தேடக் கூடாது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’ என்னும்போது ஒரே உயிரொலிக்குரிய குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கெகரத்துக்கும் கேகாரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழியில் அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, வீட்டில் ‘வந்துட்டான்’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிழைகள் எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படும். முறையான பயிற்சியைச் சில மாதங்கள் கொடுத்த பின்னரும் அதே இடத்தில் நிற்கும் பிள்ளையைத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறோம்.

நடுவண் அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறை, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 8 வயதுக்குப் பின்னரே வழங்க வேண்டும் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்றும் கூறியது. உளவியலாளர் முதலில் அறிவுத்திறன் சோதனையும், பிறகு பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதியைக் கொண்டு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையும் பார்ப்பார். நீங்கள் எழுதிவைத்த குறிப்பேட்டை அவரிடம் கொடுங்கள். ஒரு மணி நேரச் சோதனையில் தெரியாதது அதில் இருக்கும்.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு தந்தை): என் மகளுக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கூறிவிட்டு, குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் பள்ளியில் எந்த உதவியும் கிடைக்காதா?

பதில்: இந்தக் குழப்பத்தால் எத்தனையோ பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகியிருக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே இருந்தன, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் இல்லை. புதிய சட்டத்தில் 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கான வரம்பு. பிற பிள்ளைகளோடு பாகுபாடின்றிச் சேர்ந்து படிப்பதையும், தேவைக்கேற்ற வசதி பெறுவதையும் பற்றிப் பேசும் 16ஆம் பிரிவில் அந்த வரம்பு சொல்லப்படவில்லை.

விழுக்காடு எப்படி வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்றும், 153ஐத் தாண்டினால் தீவிரம் என்றும் கொள்கிறார்கள். குறைபாட்டின் அளவை அது சொல்லும். உங்கள் மகளுக்கு மதிய உணவுக் கூடத்தின் இரைச்சல் தாங்கவில்லை என்பதையோ, படம் காட்டிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறாள் என்பதையோ சொல்லாது. இவற்றைக் கண்டறிவது கல்வி சார்ந்த மதிப்பீடு. அதை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் செய்வார், அதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சான்றிதழையும் கல்வி மதிப்பீட்டையும் தனித்தனியே கேளுங்கள்.

கேள்வி (தூத்துக்குடியிலிருந்து ஒரு பாட்டி): பேரனை நான்தான் வளர்க்கிறேன். தனியார் பள்ளியில், ‘இவனுக்கு இங்கே ஆளில்லை, சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது, அம்மா?

பதில்: அவர்கள் சொன்னதை எழுத்தில் தரும்படி கேளுங்கள், பாட்டி. பெரும்பாலான பள்ளிகள் அந்த இடத்தில் தயங்கும். அரசின் நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன; அவரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

கேள்வி (விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்): சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே இலக்கு வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். படிவத்தை நிரப்பிவிடுகிறோம், ஆனால் வகுப்பில் எதுவும் மாறவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் நேர்மைக்கு நன்றி, ஐயா. நான் பார்க்கும் திட்டங்களில் பெரும்பாலானவை ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. அது விருப்பம், இலக்கு ஆகாது. ‘பொங்கல் விடுமுறைக்குள், ஒற்றைக்கொம்பு வரும் ஈரெழுத்துச் சொற்கள் பத்தில் எட்டைத் துணையின்றி வாசிப்பாள், நாள்தோறும் காலையில் பதினைந்து நிமிடம் சொற்கள் எழுதிய அட்டைகளைக் கொண்டு வகுப்பாசிரியர் பயிற்சி அளிப்பார், வெள்ளிக்கிழமைதோறும் குறித்துவைப்பார்’ என்று எழுதிப் பாருங்கள். யார், எப்போது, எவ்வளவு என்பவை இருந்தால்தான் அடுத்த பருவத்தில் அது நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும். மூன்று இலக்குகள் போதும். அவற்றுள் ஒன்றைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும்.

எங்களைப் போன்றோர் ஒரே நாளில் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருப்பது உண்மை. தொடக்க வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. நடைமுறை அங்கே சென்று சேரும்வரை, அன்றாடப் பயிற்சி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி (பெரம்பலூரிலிருந்து ஒரு தந்தை): என் மகனின் அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) 64 என்று அறிக்கை வந்துள்ளது. அவனிடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்டார்கள். அவனுக்கு ஆங்கிலம் வராது.

பதில்: அந்த எண்ணை ஏற்காதீர்கள். புரியாத மொழியில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத பிள்ளையின் அறிவை யாரும் அளக்கவில்லை. அறிக்கையில் சோதனையின் பெயர், நடத்திய மொழி, நேரம், பிள்ளையின் ஒத்துழைப்பு ஆகியவை குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மேலும், அறிவுசார் குறைபாடு என்று சொல்ல இந்த ஈவு மட்டும் போதாது. தானாக உடுத்துகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறானா, தம்பியைப் பார்த்துக்கொள்கிறானா என்றெல்லாம் பெற்றோரிடம் கேட்டு மதிப்பிடும் வைன்லாண்ட் அளவுகோலையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். தமிழில் மறுமதிப்பீடு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். சான்றிதழே வழங்கப்பட்டிருந்தாலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய்): மகள் பத்தாம் வகுப்பு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய மூன்றையும் வாங்கிவிடலாமா?

பதில்: தேர்வு நேரக் கூடுதலையும் எழுதுபவரையும் தயங்காமல் கேளுங்கள், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு இவற்றை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தலைமையாசிரியர் வழியாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். ஒருவருக்குச் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி வேண்டும் திறமை என்பதால், காலாண்டுத் தேர்விலிருந்தே அதைப் பழக்குங்கள். மொழிப்பாட விலக்கைப் பற்றி மட்டும் அவளிடமே கேட்டு முடிவெடுங்கள். தமிழில் பிழைவிட்டாலும் தமிழ்ப் பாட வேளையை விரும்பிய மாணவியர் சிலரை எனக்குத் தெரியும்.

கேள்வி (அதே தாய்): அவளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதை அவளிடமே சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள். பெரும்பாலும், ‘நான் மக்கு’ என்று அவளே ஒரு காரணத்தை முன்பே கண்டுபிடித்து வைத்திருப்பாள். ‘எழுத்தைப் பார்த்ததும் ஒலியாக மாற்றுவதற்கு உனக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, அதனால்தான் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்’ என்று, அறிக்கையை அவளுக்கு எதிரே விரித்து வைத்துக்கொண்டு, அவள் கேட்கும் எல்லாவற்றுக்கும் விடை சொல்லுங்கள்.