ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை யுஎஸ்பி கேபிளில் டெஸ்க்டாப்போடு இணைத்தால் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை, என்ன செய்வது?

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதுவரை போர்டின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத் தொட வேண்டாம்.

போர்டில் பச்சை விளக்கு எரிகிறது, சேர்க்க வேண்டிய வரிகளைச் சேர்த்தாகிவிட்டது, டெஸ்க்டாப்பில் உபுண்டு லினக்ஸ். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு இதே நிலைமையில் மூன்று நாள் போனது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. மெஷின் எத்தனை பீஸ் அடித்தது என்று எண்ண ஒரு பை ஜீரோ வைத்தோம். 2015-இல் வந்த முதல் மாடல், வைஃபை கிடையாது. 'வைஃபை உள்ள ஜீரோ டபிள்யூ வாங்கியிருக்கலாமே' என்று யாரும் எழுத வேண்டாம். அது 2017-இலேயே வந்தது எனக்கும் தெரியும். ஷெட்டுக்குள் வைஃபை வேண்டாம் என்பது முதலாளியின் முடிவு.

கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே=டிடபிள்யூசி2' சேர்த்தேன். போர்டு ஆன் ஆகும்போது படிக்கிற சிஎம்டிலைன் கோப்பில் 'ரூட்வெயிட்' என்ற சொல்லுக்குப் பின்னால் டிடபிள்யூசி2, ஜி_ஈதர் இரண்டையும் லோடு செய்யச் சொன்னேன். யுஎஸ்பி கேபிளையே நெட்வொர்க் கேபிள் போல நடக்க வைக்கிற டிரைவர்கள் இவை. அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருக்க வேண்டும், நடுவில் எண்டர் விழக் கூடாது. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் சந்தேகத்தில் மெமரி கார்டை நான்கு தடவை அழித்து எழுதினேன்.

மூன்றாம் நாள்தான் டெஸ்க்டாப்பில் டிமெஸேஜை (லினக்ஸ் கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டுக் கேபிளைச் செருகினேன். ஒரு வரிகூட வரவில்லை. ஐபி (நெட்வொர்க் முகவரி) தப்பாக இருந்தாலும் 'புது யுஎஸ்பி சாதனம்' என்றாவது வர வேண்டும். அதுவே இல்லையென்றால் டேட்டா கம்பி சேரவில்லை. அதே கேபிளில் போனைச் செருகினேன். சார்ஜ் ஏறியது, ஃபைல் தெரியவில்லை. உள்ளே 5 வோல்ட்டும் கிரவுண்டும் மட்டும். டேட்டா போகிற இரண்டு கம்பிகள் இல்லவே இல்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'டேட்டா கேபிள்தானே?' என்று இரண்டு தடவை கேட்டு வாங்கியது அது. 'எல்லாம் ஒண்ணுதாம்மா. யாருக்கு, பையனுக்கா?' என்றார் கவுண்டரில் இருந்தவர். பக்கத்தில் நின்ற காலேஜ் பையனுக்கு எந்த ரெசிஸ்டர் போட வேண்டும் என்பதுவரை விளக்கியவர், என் கேள்விக்குக் கேபிளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மாற்றப் போனபோது 'வீட்ல சார் இருந்தா அனுப்புங்க' என்றார். பதினைந்து வருடமாக அந்தத் தெருவுக்குப் போகிறேன், சோல்டரிங் அயர்ன் பிடிப்பது நான்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். என் மூன்று நாள் அங்கேதான் போனது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. நாலு கடை தள்ளி ஒருவர், தன் போனையே செருகி ஃபைல் தெரிவதைக் காட்டிவிட்டுத்தான் கேபிளைக் கொடுத்தார்.

துளையையும் கவனியுங்கள். பை ஜீரோவில் மைக்ரோ யுஎஸ்பி இரண்டு. ஓரத்தில் இருப்பது பவருக்கு மட்டும். மினி எச்டிஎம்ஐக்குப் பக்கத்தில் உள்ளதில்தான் செருக வேண்டும். சரியாகச் சேர்ந்தால் டெஸ்க்டாப்பில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் யுஎஸ்பி சாதனப் பட்டியலில் 0525:ஏ4ஏ2 என்ற எண் வரும்.

எண் வந்தும் பிங் போகாவிட்டால் அப்போது ஐபியைப் பாருங்கள். இருபக்கமும் முகவரி கொடுக்க யாரும் இல்லாததால், உபுண்டு 45 விநாடி காத்திருந்துவிட்டு இணைப்பை விட்டுவிடும். நான் டெஸ்க்டாப்புக்கு 192.168.7.1, போர்டுக்கு 192.168.7.2 என்று கையால் கொடுத்தேன். பிங் போனது. மறுநாள் காலை போர்டை ஆன் செய்தால் மறுபடி இல்லை! போர்டு ஆன் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஜி_ஈதர் புது மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) உண்டாக்குகிறது. உபுண்டு அந்த முகவரியை வைத்தே இன்டர்ஃபேஸுக்குப் பெயர் வைப்பதால், நேற்றுக் கொடுத்த ஐபி இன்று ஒட்டவில்லை. சிஎம்டிலைனில் ஹோஸ்ட்_ஆடர், டெவ்_ஆடர் இரண்டுக்கும் 02-இல் தொடங்கும் நிலையான முகவரிகள் கொடுத்ததும் அந்தத் தொல்லை நின்றது.

இன்னொன்று: போர்டில் இருப்பது 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் என்ற ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்றால், போர்டுக்குள்ளிருந்து திருத்தும்போது இந்தக் கோப்புகள் பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய இடத்தில் எழுதினால் பலிக்காது.

கேபிளை மாற்றியும் எண் வராவிட்டால், செருகியபோது டிமெஸேஜில் வந்த கடைசிப் பத்து வரிகளைக் கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.