ஹாட்சனின் பீரும் 18 மாதக் கடனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியாவுக்கு வரும் வழியில் பீர் கெட்டுப்போனதால், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவும் ஆல்கஹாலும் கூட்டி ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததுதான் இந்தியா பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் என்று படித்தேன். உண்மையா? பீர் வகைகள் உலகெங்கும் பரவியதற்குக் குடிப்பவர்களின் ருசிதானே காரணம்?

வி.

அன்புள்ள வி.,

அந்தக் கதை பாதிதான் உண்மை. ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும். வெப்ப நாடுகளுக்குப் போகும் பீரில் அதைத் தாராளமாகப் போட வேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தெரிந்த சங்கதி. போர்ட்டர் என்ற அடர்நிற பீரும் அதே கடல்வழியில் இந்தியாவுக்கு நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் குடித்தது அதைத்தான். பேல் ஏல் அதிகாரிகளுக்கு.

அந்தக் கதையில் வரும் ஆங்கிலேயர் ஜார்ஜ் ஹாட்சன். அவருடைய பீர் ஆலை லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் பக்கத்தில்தான். கேப்டன்கள் சொந்தச் சரக்கு ஏற்றிக்கொள்ளக் கம்பெனி அனுமதித்திருந்தது. அவர்களுக்கு ஹாட்சன் 18 மாதம் வரை கடனில் பீர் கொடுத்தார். பீப்பாய்களைக் கல்கத்தாவில் விற்று, அந்தப் பணத்தில் சரக்கு வாங்கி, அதை லண்டனில் விற்று, அப்புறம் கடனை அடைத்தால் போதும். இந்தியாவுக்குப் போகும்போது கப்பலில் இடமும் நிறைய, சரக்குக் கூலியும் குறைவு. என்னைக் கேட்டால், ஹாட்சன் ஜெயித்தது பீரின் ருசியால் அல்ல, இந்தக் கடனால்தான்.

1820களின் தொடக்கத்தில் அவருடைய வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. கடனை நிறுத்தினார்கள், கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே கப்பலில் அனுப்பத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. அதே சமயம் இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரின் பீர் ஆலைகள் தவித்துக்கொண்டிருந்தன. அவர்களின் இனிப்பான, கெட்டியான ஏலை வாங்கிக் குடித்தது ரஷ்யா. பிரிட்டிஷ் சரக்குகளுக்கு நெப்போலியன் போட்ட தடையால் அந்த வியாபாரம் நொடிந்தது. மிச்சத்தை 1822இல் ரஷ்யா போட்ட வரி முடித்துவைத்தது. அந்த ஆண்டுதான் கம்பெனி இயக்குநர் காம்ப்பெல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டனைச் சேர்ந்த சாமுவேல் ஆல்சாப்பிடம் ஹாட்சன் பீரைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். வெளிர்நிறக் கசப்பு பீருக்கு அது அமைந்த தண்ணீர். கல்கத்தா அதிகாரியின் கோப்பைக்குள் பர்ட்டன் ஏல் வந்ததில் ரஷ்ய வரிக்கும் பங்கு உண்டு. இந்தத் தொடர்பு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

சரி, ருசிக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது பின்னால் வருகிறது. 1801இல் அயர்லாந்தின் கின்னஸ் ஆலை மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று ஹாப்ஸ் கூட்டி ஒரு போர்ட்டர் காய்ச்சியது. அதன் வழிவந்த ஸ்டவுட் என்ற கெட்டியான கறுப்பு பீர் ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியா விடுதலை பெற்ற பிறகு, 1960களின் தொடக்கத்தில் லாகோஸில் ஆலையே வந்துவிட்டது. 1988இல் பீர் காய்ச்சத் தேவையான பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்குமதிக்கு அரசு தடை போட்டபோதும் நைஜீரியர்கள் ஸ்டவுட்டைக் கைவிடவில்லை. ஆலைதான் உள்ளூர்ச் சோளத்துக்கு மாறியது.