டிடியா, இசட்4-ஆ? வாசகர் கார் கேள்விகள்

கேள்வி: பள்ளி நாளிலிருந்தே வேகமான கார் என்றால் எனக்கு உயிர். பாலியோ 1.6, ஆக்டேவியா விஆர்எஸ் இரண்டும் வைத்திருந்தேன். இப்போது வயது 57. இன்னும் தள்ளிப்போட்டால் இடுப்பு விடாது. பெங்களூரில் 2016 ஆடி டிடி ஒன்றும் 2020 பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம்?
- வாசகர், மேலூர்

பதில்: மனசு இசட்4 பக்கம்தான் சாயும். 2,998 சிசி, ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் மேலூரில் வைத்து ஓட்ட டிடியே சரி. இசட்4-இன் மடக்கும் துணிக்கூரையை மார்கழி, தை காலைகளில் திறக்கலாம்; சித்திரை வெயிலில் திறந்தால் மண்டை காய்ந்துவிடும். மூடியே வைத்தாலும் மடிப்புகளில் செம்மண் தூசி ஏறும். வேப்பஞ்சருகு தண்ணீர் வடியும் துளைகளை அடைத்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும். டிடியில் அந்தத் தொல்லை இல்லை. 1,984 சிசி டர்போ எஞ்சினின் 230 குதிரைத்திறன் நம் சாலைகளுக்குத் தாராளம். டிக்கியும் 305 லிட்டர். ஏறி இறங்க இரண்டுமே தாழ்வுதான். காசு கொடுக்கும் முன் நாலைந்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

பழைய டிடியில் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் ஹால்டெக்ஸ் என்ற கிளட்ச். அதன் பம்பில் ஒரு சின்ன வலை உண்டு. சர்வீஸில் பெரும்பாலும் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு வலையைத் தொடாமல் விடுவார்கள். கிளட்ச் தேய்ந்த தூள் அதை அடைக்க, பம்ப் திணறிக் கருகும். டாஷ்போர்டில் விளக்குகூட எரியாமல் வண்டி வெறும் முன்சக்கர வண்டியாகிவிடும். வெறும் மண்தரையில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, நின்ற இடத்திலிருந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். வெளியே ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் மட்டும் மண்ணை வாரி இறைத்தால் பம்ப் போயிருக்கிறது என்றே சந்தேகப்படலாம். ஸ்கேனர் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து எஸ்-ட்ரானிக் என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயில் 35 முதல் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றுகிறவரிடம் விடாதீர்கள். ஊர்ந்து போகும்போது ஒன்று, இரண்டு கியரில் அதிர்ந்தால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

கூலன்ட் சொட்டாமலே குறைகிறது என்றால், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் வாட்டர் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த பிளாஸ்டிக் கூடு அது. கசிந்தால் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சுட்டால், ஏன் முன்கூட்டி ஓட்டி வைத்தார்கள் என்று கேளுங்கள்.

கர்நாடக வண்டி என்பதால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்ட போலோ ஜிடிஐ. ஊருக்குள் வேகத்தடையில் அடி தட்டுகிறது. ஸ்பிரிங் இடையில் ரப்பர் வைக்கலாமா?
- வாசகர், நத்தம்

பதில்: வேண்டாம். ரப்பர் பிடித்த சுற்று வேலை செய்யாது, பாரம் பக்கத்துச் சுற்றுக்குப் போகும். ஸ்பிரிங் விறைக்கும், நாளடைவில் உடையவும் கூடும். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். தெருக்காரர்கள் சிமெண்டில் போட்ட குறுகிய மேட்டில் எந்தத் தாழ்ந்த வண்டியும் தட்டத்தான் செய்யும். எதிரே வண்டி வராதபோது குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். அதற்கும் தட்டினால் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள். கையாளும் சுகம் கொஞ்சம் குறையும், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேன் பிழைக்கும்.

கேள்வி: வாரம் ஒருநாள்தான் வண்டியை எடுக்கிறேன். எந்த பெட்ரோல் போடுவது? டயர் நன்றாகவே இருக்கிறது, மாற்ற வேண்டுமா?
- வாசகர், திருநகர், மதுரை

பதில்: பெட்ரோல் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். டர்போ எஞ்சினுக்கு 95-க்குக் குறையாமல் போடுங்கள். குறைந்தால் எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் இக்னிஷனைப் பின்தள்ளும், இழுவை குறையும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் டேங்கை நிறைத்தே நிறுத்துங்கள். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நத்தம் மேம்பாலத்தில் காலை 5 மணிக்கு வேகம் பார்க்கலாமா?
- வாசகர், ஊமச்சிகுளம்

பதில்: கூடாது. கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் நாள் பார்த்துப் போங்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். ஈரம் ஏறிய பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் அடிவரை இறங்கும்.