மாஷ் டிவிடியில் பின்னணிச் சிரிப்பை நிறுத்த முடியுமா?

மாஷ் (M*A*S*H) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசன் டிவிடியில், நகைச்சுவைக்குப் பின்னணியில் சேர்த்திருக்கும் அந்தச் சிரிப்பொலி இல்லாமல் பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மெனுவில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் சிரிப்பு இல்லாத ஒலித்தடமும் இருக்கும்.

கொரியப் போரின் ராணுவ மருத்துவமனைக் கதைக்குச் சிரிப்பொலி வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி விடவில்லை. கடைசியில், அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கூடாது என்று முடிவானது. பிரிட்டனில் பிபிசி சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது.

1975 மார்ச்சில் வந்த இந்த சீசனின் கடைசிப் பகுதியை அவசியம் சிரிப்பொலி இல்லாமலே பாருங்கள். ரேடார் என்ற பாத்திரம் முகக்கவசம் இல்லாமல் அறுவை அரங்கத்துக்குள் வந்து ஒரு செய்தியை வாசிக்கும். என்ன செய்தி என்று சொல்லமாட்டேன். அப்புறம் ஒரே நிசப்தம், ஏதோ ஒரு கருவி கீழே விழும் சத்தம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.