வாசகர் கேள்வி பதில்: இரவு வானமும் இருட்டுக் காடும்

கேள்வி: என்னிடம் இருப்பது கிரொப் சென்சர் (சிறிய சென்சர்) கமராவும் 18–55 மி.மீ. லென்ஸும். தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டையும் பால்வெளியையும் சேர்த்து 30 செக்கன் எடுத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன. மரங்களோ ஒரே கறுப்பு. என்ன செய்யலாம்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. முக்காலியை அசைக்காமல் வானத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று எடுத்துக் கணினியில் சேருங்கள்.

வானத்துக்கு 18 மி.மீ., எஃப் 3.5 (லென்ஸின் துளை அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 3200, ரோ கோப்பு (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). நட்சத்திரம் கோடாகாமல் எடுக்க, 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (மி.மீ. எண்ணால்) வகுக்கும் பழைய கணக்குப்படி (கிரொப் சென்சருக்காக 18ஐ 1.5ஆல் பெருக்கி 27) 18 செக்கன் வரும். இன்றைய சென்சருக்கு அதுவே அதிகம். 500க்குப் பதில் 300ஐ 27ஆல் வகுத்து 11 செக்கனில் நிறுத்துங்கள். குவியத்தை லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பி வைக்க வேண்டாம். லைவ் வியூவில் (கமராவின் பின்திரையில்) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மடங்கு பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டுங்கள். அதன்பின் சூமைத் தொட்டால் குவியமும் போய்விடும்.

காட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 1600, பல்ப் முறையில் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) 4 நிமிடம். வானப் படத்தைவிடச் சுமார் 11 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இரைச்சல் நீக்கம் (படத்தின் புள்ளிப் புள்ளியான கறையைக் குறைக்கும் வசதி) போட்டிருந்தால் எடுத்து முடிந்த பிறகும் கமரா இன்னொரு 4 நிமிடம் பேசாமல் இருக்கும். பழுதென்று பெற்றரியைக் கழற்றிவிடாதீர்கள். காற்றடித்தால் 4 நிமிடத்தில் இலையெல்லாம் பஞ்சாகிவிடும். அப்படியான நாளில் சூரியன் மறைந்து 20–25 நிமிடத்தில் காட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காத்திருங்கள். நம் பக்கம் அந்தி சீக்கிரம் முடியும். ஒன்றேகால் மணித்தியாலத்தில் வானம் முழு இருட்டு.

டோர்ச் அடித்து மரத்தை வெளிச்சமாக்குவதென்றால் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். கமராவுக்குப் பின்னால் நின்று அடித்தால் மரம் தட்டையாகும். பனிமூட்டம் இருந்தால் படமே வெள்ளையடித்த சுவர்தான்.

கேள்வி: அரை மணித்தியாலத்தில் லென்ஸில் நீர் படிகிறது. துடைத்தாலும் திரும்பி வருகிறதே?
– வாசகி, நுவரெலியா

பதில்: திறந்த வானத்தை நோக்கிய கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். துடைப்பதால் சூடு வராது. பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் சூடாக்கும் பட்டியை முன்பக்கத்தில் கட்டி, படியும் முன்பே போட்டுவிடுங்கள். கட்டிய பிறகு குவியத்தை மீண்டும் பாருங்கள். வீட்டுக்குள் வருமுன் கமராவைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் பையின் மேல்தான் படியும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச். விடியுமுன் பால்வெளியின் மையம் தென்கிழக்கில் நிற்கும். தென்மேல் பருவமழையில் அந்தப் பக்கம் மூடிவிடும். அப்போது உங்கள் ஊவாப் பக்கம்தான் வாய்ப்பு. ஆகஸ்ட் நடுவில் இரவு 8 மணியளவிலேயே மையம் தெற்கே 54 பாகை உயரத்தில் இருக்கும். நாட்காட்டியில் போயாவை (முழுநிலா நாளை) பார்த்து, அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளிப் போங்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசலாம். சிறுத்தை நடமாடும் மலையில் துணையில்லாமல் நிற்க வேண்டாம்.

கேள்வி: நீண்ட நேரம் எடுக்கும்போது துருவ நட்சத்திரத்தைச் சுற்றி விழும் நட்சத்திர வட்டம் முழுதாக வரவில்லையே?
– வாசகர், அப்புத்தளை

பதில்: இலங்கையில் வராது. துருவ நட்சத்திரம் நமக்கு 7 பாகை உயரத்தில்தான்; மலையே மறைத்துவிடும். கிழக்கு நோக்கி எடுங்கள், கோடுகள் செங்குத்தாக மேலெழும்.