எது சீந்தில்? எவ்வளவு? எத்தனை நாள்?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி சீந்திலைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஆயுர்வேதம் குடூசி என்றும் அம்ருதா என்றும் சொல்வது, வடக்கே கிலோய் என்பது, தமிழில் அமிர்தவல்லி என்பது எல்லாம் இந்த ஒரே கொடிதான்.

கேள்வி: வேலியில் படர்ந்திருக்கும் ஒரு கொடியைச் சீந்தில் என்கிறார்கள். இலை இதய வடிவில்தான் இருக்கிறது. அதை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. வெற்றிலைக்கும் இதய வடிவம்தான். இலையை மட்டும் பார்த்துப் பறித்தவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். சீந்திலைத் தண்டில் பார்க்க வேண்டும்.

விரல் பருமனுள்ள தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகக் கீறுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் காகிதம் போன்ற மெல்லிய தோல் உரிந்து வரும். அதற்கு அடியில் நல்ல பச்சை தெரியும். தோலின்மேல் வெளிறிய சிறு புள்ளிகள் தென்படும். அவை தண்டு மூச்சுவிடும் துளைகள். தடவினால் லேசான சொரசொரப்பு இருக்குமே தவிர, மருக்கள் போலப் புடைத்து நிற்காது. அடுத்து, கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புவரை ஆரக்கால்கள் ஓடும், வண்டிச் சக்கரம் போல. வடமொழியில் இதற்குச் சக்ரலக்ஷணிகா என்று ஒரு பெயர் இருப்பது இதனால்தான். வெட்டுவாயை நாக்கில் வைத்தால் கசப்பு உடனே ஏறும்.

குழப்பம் வருவது பெரும்பாலும் இதன் உறவுக்கொடி ஒன்றால். சீந்திலின் தாவரவியல் பெயர் டைனோஸ்போரா கார்டிஃபோலியா. அந்த இன்னொன்று டைனோஸ்போரா கிரிஸ்பா. அதன் தண்டு முழுக்க மருக்கள் புடைத்திருக்கும், வெட்டினால் பால் வடியும், பழம் நீள்உருண்டையாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சீந்திலில் பால் வடியாது. பழம் பட்டாணி போல உருண்டு, சிவந்திருக்கும். இன்னோர் உறவுக்கொடிக்கு இலையின் அடிப்பக்கம் மென்மயிர் படர்ந்திருக்கும். சீந்தில் இலை இரு பக்கமும் வழவழப்பு. தண்டில் மரு, பால், இலையில் மயிர் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கொடியைத் தொடாதீர்கள்.

கேள்வி: கஷாயத்துக்கு 30 கிராம் என்கிறார்கள். அது பச்சைத் தண்டா, காய்ந்ததா? நான் காய்ச்சினால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது.

பொதுவாகக் காய்ந்த சரக்குக்குப் பதில் பச்சையை எடுத்தால் அளவை இரண்டு மடங்காக்குவது ஆயுர்வேத முறை. சீந்திலுக்கு அது பொருந்தாது. பச்சையாகவே பயன்படுத்த வேண்டும், இரட்டிக்கவும் கூடாது என்று சாரங்கதர சம்ஹிதை பெயர் சொல்லி விலக்கு அளித்த சில மூலிகைகளில் இதுவும் ஒன்று. கஷாயத்துக்கு 20 முதல் 30 கிராம் தண்டு என்பது இந்திய ஆயுர்வேத மருந்துத்தர நூல் தரும் அளவு. முதல்முறை குடிப்பவர்கள் 20 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

தண்டைக் கழுவி, காகிதத் தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். விரல்கடை நீளத்துக்கு நறுக்கி, உரலில் நார் பிரியும் அளவுக்கு இடித்தால் போதும். எடைக்குப் பதினாறு மடங்கு தண்ணீர், அதாவது 20 கிராமுக்கு 320 மில்லி. மூடி போடாமல், சிறுதீயில், எட்டில் ஒரு பங்காக, 40 மில்லியாக வற்ற வேண்டும். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் நல்லது. அலுமினியம் வேண்டாம்.

கொழகொழப்புக்குக் காரணம் மிக்ஸி. தண்டில் மாவும் பசையும் ஏராளம். அரைத்தால் இரண்டும் மொத்தமாக நீரில் இறங்கி, கொதிக்கும்போது கஞ்சி போல் கெட்டிப்பட்டு அடிப்பிடிக்கும். இடித்துப் போட்டு, சக்கையைப் பிழியாமல் வடிகட்டினால் தெளிவாக வரும். அன்று காய்ச்சியதை அன்றே குடித்துவிடுங்கள். மறுநாள் சூடாக்கிக் குடிக்க வைக்காதீர்கள்.

கசப்பும் சூடும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊறல் முறை இருக்கிறது. இடித்த தண்டுக்கு ஆறு மடங்கு தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து எடுப்பது. இதை ஹிமம் என்பார்கள். காய்ச்சாத நீர் என்பதால், ஊறவைப்பதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: சீந்தில் சர்க்கரை இனிக்கவே இல்லை. கலப்படமா?

இனித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயரில்தான் சர்க்கரை. அது தண்டிலிருந்து இறங்கும் மாவு. ஆயுர்வேதத்தில் குடூசி சத்வம். வீட்டிலேயே செய்து பார்த்தால் அசல் எப்படி இருக்கும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய தண்டாக ஒரு கிலோ எடுங்கள். இளந்தண்டில் மாவே இருக்காது. மேல்தோலை முழுக்கச் சுரண்டுங்கள். தோல் தங்கினால் மாவு பழுப்பேறும். இடித்து, நான்கு மடங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நாரைக் கையால் நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல் கலங்கும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் அசைக்காமல் வைத்தால் நான்கைந்து மணி நேரத்தில் மாவு அடியில் படிந்துவிடும். மேல்நீரைச் சரித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இன்னொருமுறை தெளியவிடுங்கள். படிந்ததைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஊறும் கட்டத்தில்தான். வெக்கையான நாளில் ஒரு பகலையும் சேர்த்து ஊறவிட்டால் நுரை கட்டிப் புளிக்கும். புளித்த வாடை வந்துவிட்டால் கழுவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஒரு கிலோவுக்குச் சில பத்து கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். இவ்வளவு குறைவாகக் கிடைப்பதால்தான் கலப்படம் நடக்கிறது. மரவள்ளி, மக்காச்சோள மாவைக் கலந்துவிடுகிறார்கள். அயோடின் விட்டால் நீலமாகிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சோதனை இங்கே உதவாது. அசலும் மாவுதான், அதுவும் நீலமாகத்தான் மாறும். அசலுக்குப் பளீர் வெள்ளை இருக்காது, சற்று மங்கிய நிறம். நாக்கின் பின்பக்கத்தில் மிக மெல்லிய கசப்பு தங்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கசப்புச் சத்துகளில் பெரும்பகுதி நீங்கள் சரித்து ஊற்றிய நீரோடு போய்விட்டது. ஆகவே கஷாயத்துக்குப் பதிலாகச் சர்க்கரை என்று மாற்றிக்கொள்ள முடியாது. இரண்டும் வேறு வேறு மருந்து.

கேள்வி: எதிர்ப்புச் சக்திக்காக ஒன்றரை ஆண்டாகத் தினமும் சீந்தில் குடிக்கிறேன். கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே?

முதலில் நிறுத்துங்கள். பிறகு கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை.

கொரோனா காலத்தில் பலர் அளவும் நாளும் பார்க்காமல் சீந்தில் குடித்தார்கள். அப்போது கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் வெளியாயின. அவர்களில் பலருக்குத் தன் உடலையே தாக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறின் அடையாளங்கள் ரத்தத்தில் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. கிரிஸ்பாவைச் சீந்தில் என்று தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று விளக்கம் தந்து, இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளங்களையும் வெளியிட்டது. கொடி மாறினால் ஆபத்து என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சரியான கொடியாக இருந்தால் எத்தனை மாதமும் குடிக்கலாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து வர முடியாது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மூலிகை, ஏற்கெனவே தவறான திசையில் தூண்டப்பட்டிருக்கும் உடலில் என்ன செய்யும் என்பதுதான் கவலை.

முடக்குவாதம், லூபஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு, தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்கள், உறுப்பு மாற்றி எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இதைத் தானாக எடுக்கவே கூடாது. மூட்டுவலிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாதரக்தம் என்னும் மூட்டு நோய்க்குச் சீந்திலை முக்கிய மருந்தாக ஆயுர்வேதம் சொல்வதைக் கேள்விப்பட்டு, வலி எந்த வகை என்று தெரியாமலே தொடங்கிவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மேலும் இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே அளந்து பாருங்கள்.

குடிக்கும் நாள்களில் சிறுநீர் கருமஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, குமட்டலும் அரிப்பும் சேர்ந்து வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சீந்தில் குடித்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூலிகைதானே என்று சொல்லாமல் விட்டால், நோயின் காரணத்தை அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

கேள்வி: வேம்பில் படர்ந்த சீந்தில்தான் உசத்தியா? தேன் சேர்க்கலாமா?

வேம்பில் ஏறியதைச் சிறப்பாகச் சொல்வது வழக்கம். கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம். எட்டி போன்ற நச்சு மரத்தில் ஏறிய கொடியையும் சாக்கடை ஓரத்துக் கொடியையும் விட்டுவிடுங்கள். தேன், கஷாயம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி.

கேள்வி: தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும், எளிதும்கூட. வெட்ட வெட்ட முளைப்பதால் சின்னருஹா என்றும் இதற்குப் பெயர். நறுக்கிய தண்டை மறந்து ஒரு மூலையில் போட்டுவைத்தால் அங்கேயே துளிர்விடும். மரத்தில் அடியோடு வெட்டப்பட்ட கொடிகூட மேலிருந்து நூல் நூலாக விழுதுகளை இறக்கி, மண்ணைத் தொட்டு மறுபடி உயிர்பிடிக்கும்.

விரல் பருமனில், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள ஒரு சாண் தண்டு போதும். வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் வையுங்கள். ஈரத்தோடு நட்டால் அழுகும். மேல் கீழ் மாறாமல், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மணல் கலந்த மண், நீர் தேங்காத தொட்டி, ஏறுவதற்கு ஒரு கம்பு. தண்ணீரை மண் காய்ந்த பிறகே விடுங்கள். முதல் ஆண்டு வெட்டாதீர்கள். தண்டு விரல் பருமனைத் தாண்டியபின், அடியில் ஒரு முழம் விட்டு மேலே வெட்டினால், விட்ட பகுதியிலிருந்து புதுக்கிளை வரும்.