குவாங்ஜு பள்ளிக்கூடத்தில் மச்சம் இல்லாமல் சாப்பிடுவது

தங்கச்சி, மார்ச்சில் தென் கொரியாவின் குவாங்ஜுவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வருகிறேன், மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடச் சாப்பாட்டை என்ன செய்வது, சேர்ந்து சாப்பிடாவிட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நானும் டொரோண்டோவிலிருந்து இதே வேலைக்குத்தான் வந்தேன். ஒன்பது வருசம் ஆகிவிட்டது.

மாதச் சாப்பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே தருவார்கள். ஒவ்வொரு கறிக்கும் பக்கத்தில் சின்ன இலக்கங்கள் இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் போடுவது. 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. இந்த நான்கையும் பாடமாக்கினால் மொழி தெரியாமலே பாதிப் பட்டியலை வாசித்துவிடலாம். மிளகாய் விழுது பூசிப் புளிக்கவைத்த முட்டைக்கோவாவான கிம்ச்சிக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் 9 இருக்கும். உப்பில் ஊறிய சின்ன இறால் அதில் சேர்கிறது. ஆனால் நெத்தலிக்கு இலக்கமே இல்லை. வெறும் சோயா விழுது சூப் மாதிரித் தெரிவதுகூடப் பெரும்பாலும் நெத்தலி அவித்த தண்ணீரில்தான் கொதித்திருக்கும். அதனால் முதல் கிழமையே சாப்பாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. நெத்தலித் தண்ணீரும் மீன் சாறும் கூடாது என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

அப்படியும் சில நாள் தட்டில் சோறும், நல்லெண்ணெயில் பிரட்டிய கீரையும், டோஃபுவும் மட்டும்தான் மிஞ்சும். பரவாயில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் போய் இருங்கள். நான் முதல் தவணை முழுக்க வீட்டுச் சாப்பாட்டை வகுப்பறையில் தனியே இருந்து சாப்பிட்டேன். அவர்களோடு இருக்க எனக்கு விருப்பமில்லை என்றே மற்ற ஆசிரியர்கள் நினைத்துவிட்டார்கள். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கவலைதான். நம்மைப் போலவே இவர்களும் வணக்கத்துக்குப் பதிலாகச் "சோறு சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற சனம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட, கூட இருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். பெரியவர் கரண்டியை எடுத்த பிறகு தொடங்குங்கள். கரண்டியையோ சாப்பிடும் குச்சியையோ சோற்றில் குத்தி நிறுத்த வேண்டாம், செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் கரண்டியை அப்படி நிறுத்துவார்கள்.

வாய்த்தால் கிம்ஜாங்குக்குப் போகத் தவறாதீர்கள். குளிர்காலம் தொடங்க முன் குடும்பமாகக் கூடிக் கிம்ச்சி போடுவது. 2013இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நான் போனது கூடப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் அம்மா வீட்டுக்கு. உப்பில் துவண்ட கோவாவை மடியில் குழந்தை மாதிரி வைத்து, இதழ் இதழாக விரித்துச் சிவப்பு விழுதைப் பூசி, கடைசி இதழால் இறுக்கிச் சுற்றுவார்கள். இரண்டு மணி நேரத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. திடீரென்று அந்த அம்மா ஓர் இளம் இதழைக் கிழித்து, விழுதை உருட்டி வைத்து, "ஆ" என்று சொல்லி என் வாயில் ஊட்டிவிட்டார். அம்மம்மாவின் குழையல் சோற்றுக்குப் பிறகு யாரும் எனக்கு அப்படி ஊட்டியதில்லை.

அந்த விழுதில் மீன் இருக்கிறது, உங்களுக்குச் சரிவராது. ஆனால் இங்கே புத்த கோயில்களில் மீனும் இல்லாமல், வெங்காயம் உள்ளியும் இல்லாமல் கிம்ச்சி போடுகிறார்கள். சமையலுக்குப் பேர்போன பிக்குணி ஜொங்க்வான் இருக்கும் பெக்யாங்சா கோயில், பக்கத்து ஜாங்சொங்கில்தான். வசந்தத்தில் அங்கே போவோம். நவம்பரில் அந்த அம்மா வீட்டுக்கும் உங்களைக் கூட்டிப்போகிறேன். மீன் சாறு ஊற்ற முன் உங்களுக்கென்று ஒரு சட்டி விழுது எடுத்துவைக்கச் சொல்கிறேன்.